பூவா தலையா

ஆகஸ்ட் 17
அப்பா போனில் கேட்டார்: "குவாண்ட்டுன்னா என்ன வேல கண்ணு?" கணிதத்தையும் நிரலையும் வைத்து, விலை எந்தப் பக்கம் நகரும் என்று கணித்து வாங்கி விற்பது என்றேன். கணிதப் பேராசிரியராக இருந்த ஜிம் சைமன்ஸ் தன் ரினைசன்ஸ் நிறுவனத்தில் இந்த வேலைக்கு முனைவர்களைத்தான் தேடித்தேடிச் சேர்த்தார். இப்போது பி.டெக் கடைசி வருடத்திலேயே எடுக்கிறார்கள். எங்கள் ஐஐடியில் வளாகத் தேர்வின் முதல் நாளான டிசம்பர் 1 அன்றே வந்துவிடுவார்கள்.

செப்டம்பர் 6
தேர்வுக்குப் பயிற்சி: 8 நிமிடம், 80 மனக்கணக்கு. கால்குலேட்டர் கூடாது. இன்று 51. 97×46-இல் திணறினேன். ஈரோட்டு ஜவுளிக்கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதும் அப்பா கேட்டவுடனே சொல்லிவிட்டார்: 4600-இல் 138 போனால் 4462.

அக்டோபர் 12
ஒரு பயிற்சிக் கேள்வி: நாணயத்தைச் சுண்டுகிறோம். அடுத்தடுத்து தலை-தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை-பூவுக்கு எத்தனை? இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொன்னேன். சரியான விடை: தலை-பூவுக்கு 4, தலை-தலைக்கு 6. நம்பாமல் ராத்திரி பத்து மணிக்கு விடுதி வராந்தாவில் ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் பிடிபட்டது. தலை-பூவுக்குக் காத்திருக்கையில் மறுபடி தலையே விழுந்தாலும் நஷ்டமில்லை, அந்தத் தலை கையில் நிற்கிறது. தலை-தலைக்கு நடுவே பூ விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு கணக்குக்காகவே நிகழ்தகவை மறுபடி அடியிலிருந்து படிக்கத் தோன்றியது.

டிசம்பர் 1
நேர்காணல். இரண்டு பகடை, கூட்டுத்தொகைக்கு விலை சொல்ல வேண்டும். ஒரு பகடையை நேர்காணல் எடுத்தவர் மட்டும் பார்த்துக்கொண்டார். சராசரி 7 என்பதால், 6-க்கு வாங்குவேன், 8-க்கு விற்பேன் என்றேன். "8-க்கு வாங்குகிறேன்" என்றார். மறுபடியும் 8-க்கே விற்றேன். மூன்றாவது முறையும். பிறகு பகடையைக் காட்டினார்: 6. அப்படியென்றால் சராசரி 9.5. கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் பார்த்தவர் மூன்று முறை வாங்கினாரே, அதை நான் காதில் வாங்கவில்லை. அடுத்த சுற்றுக்குக் கூப்பிடவில்லை.

டிசம்பர் 2
அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரே ஆளு வந்து வந்து அதே சேலையைச் சொன்ன வெலைக்கே எடுத்தா, வெளிய வெல ஏறிப்போச்சுன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம் கண்ணு. மூணாவது தடவ அந்த வெலைக்குக் குடுக்க மாட்டோம்."

நாளைக் காலை எட்டு மணிக்கு இன்னொரு கம்பெனி. பக்கத்து அறை நண்பனைக் கூப்பிட்டு, அவனை ஒரு பகடையைப் பார்க்கச் சொல்லி, விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது முறை வாங்கினால் ஏற்றிவிடுகிறேன்.