வச்சது ஒரு பேரு, தேடுனது ஒரு பேரு



"மலருக்கு ஏதாவது எழுதுடா" என்று நம் மாணவர் மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டார். "கவிதையா, கட்டுரையா?" என்றேன். "உனக்குக் கவிதை வேண்டாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டார்! அதனால் எனக்கு நடந்த ஒன்றையே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர் போன ஊர். பேரைச் சொன்னதும் "தென்காசிப் பக்கமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஆய்க்குடி. ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் மாவட்டமே மாறிவிடும். ஒரு புள்ளி என்னவெல்லாம் செய்யும் என்பது போன வருஷம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். அம்மா பழம் தரம் பிரிக்கப் போகிறார். நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்பதில் இருவருக்கும் பெருமை. உலகத்தில் இருப்பதெல்லாம் எனக்கு ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும் என்று அப்பா நம்புகிறார்.

போன வருஷம் எங்கள் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்தோம். இணையத்தில் பார்க்கிற நல்ல பக்கங்களின் முகவரியைச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்றில் வகுப்புக்கே பொதுவாக ஒரு கணக்கு. யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்க்கும்போது 'டேக்' என்கிற அடையாளச் சொல் ஒன்றிரண்டு போட வேண்டும். ஆறே மாதத்தில் நானூறு பக்கம் தாண்டிவிட்டது. சேர்க்கும்போது குஷியாகத்தான் இருந்தது. தேடும்போதுதான் வம்பு!

கொய்யா வாடல் நோய் பற்றி ஒரு வேளாண் விஞ்ஞானி எழுதிய பக்கத்தை நானும் அதில் சேர்த்திருந்தேன். லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் அதைப் பற்றிச் சொன்னேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்பா விடுதிக்குப் போன் செய்தார். "தம்பி, ஓரத்து மரம் ஒண்ணு இலை மஞ்சளாகி நுனியிலருந்து காயுது. நீ ஏதோ படிச்சேன்னியே, அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"பார்த்துச் சொல்றேன்ப்பா. அதுவரைக்கும் எதையும் செய்யாதீங்க" என்றேன். ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி!

தேடினேன். 'கொய்யா' என்று அடித்தால் ஒன்றும் இல்லை என்றது. 'வாடல்' என்றாலும் இல்லை. நான் போட்டு வைத்திருந்த டேக் என்ன தெரியுமா? 'முக்கியம்'. அதை அடித்தால் தொண்ணூறு பக்கம் வந்து நின்றது. வகுப்பில் எல்லாருக்கும் எல்லாமே முக்கியம்! கூகுளில் தேடலாமே என்பீர்கள். தேடினேன். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எதை நம்பி அப்பாவைக் காசு செலவழிக்கச் சொல்வது? இதற்கு நடுவில் உள்மதிப்பீட்டுத் தேர்வும் வந்துவிட்டது.

பத்தாம் நாள், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். வாடிய மரத்தை வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும், நோய் மண் வழியாகப் பரவும் என்று அதில் இருந்தது. போன் செய்தேன். "மூணு மரம் ஆயிருச்சு தம்பி. நீ சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார் அப்பா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. முன்னாடியே சொல்லியிருந்தால் மற்ற இரண்டு மரமும் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாள் போனது என்னால்தான்.

சரி, 'கொய்யா' என்று அடித்தும் ஏன் வரவில்லை? பக்கத்தின் தலைப்பே 'கொய்யா நோய்கள்' என்பதுதான்! லேபில் சார் விளக்கினார். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் போடலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடே சொல்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும். நாங்கள் வைத்திருந்த தளம் அதைச் செய்யவில்லை. தலைப்பையும் டேக்கையும் மட்டும் பார்த்தது, பக்கத்துக்குள்ளே தேடவில்லை. அதனால்தான் 'வாடல்' என்றபோதும் கைவிரித்தது.

ஆனால் பழியை முழுக்க எந்திரத்தின் மேல் போட முடியாது. 1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேரைத் தனித்தனியாகப் பெயர் வைக்கச் சொன்னால், இருவரும் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது கூட இல்லையாம்! 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் தளம்தான் இந்த டேக் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. அதிலும் இதே பாடுதான். இடைவெளி விட்டால் அடுத்த டேக் என்று வைத்திருந்தார்கள். 'பழனி கொய்யா' என்று போட்டால் பழனி தனி, கொய்யா தனி. 2005-இல் யாஹூ அதை வாங்கியது. கைமாறிக் கைமாறி 2017-இல் பின்போர்டிடம் போய்ச் சேர்ந்தது. புதிதாகச் சேர்ப்பது அதோடு நின்றது.

இதற்கெல்லாம் ரொம்ப முன்னாடியே நம் சீர்காழிக்காரர் ஒருவர் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. நூலக அட்டைகளில் 'காண்க' என்று ஒரு குறிப்பு இருக்கும். நீங்கள் எந்தப் பேரில் தேடிப் போனாலும், சரியான பேருக்கு அது கைகாட்டும். அடுக்குகிறவர் வசதிக்கு அல்ல, தேடுகிறவர் வசதிக்கு!

ரங்கநாதன் யாரென்று என் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் காய், செங்காய், பழம் என்று பிரிக்கும்போது, வெளியூருக்குப் போவதை வண்டி நிற்கிற பக்கமும் அன்றைக்கே விற்பதை வாசல் பக்கமும் வைப்பார். ஏனென்று கேட்டால், "எடுக்க வர்றவன் என்னையக் கேக்காமலே எடுக்கணும்ல" என்பார். ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

இப்போது எங்கள் வகுப்பில் மூன்று விதி வைத்திருக்கிறோம். ஒன்று, தலைப்பை அப்படியே ஒட்டாமல் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு, தமிழில் ஒரு டேக், ஆங்கிலத்தில் ஒரு டேக், விஷயம் தெரியாதவர் என்ன சொல்லித் தேடுவாரோ அது ஒரு டேக். மூன்று, 'முக்கியம்' என்ற டேக்குக்குத் தடை! கூடவே லேப் சுவரில் ஒரு 'காண்க' பட்டியலும் ஒட்டியிருக்கிறோம்.

தோப்பில் அந்த மூன்று குழியும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் தேடும் பெட்டி ஒன்றைச் செய்யப் போகிறோம். செய்யும்போது, அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.



— இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு