மக்காச்சோள மூட்டைத் தலையணை

என் மூக்கடைப்புக்கு அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியே காரணம் என்று நெடுநாள் பழி சொல்லி வந்தேன். உள்ளே நடுத்தண்டு வளைந்திருப்பதைப் பெரம்பலூரில் மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தேன். அறுவை முடிந்தது. "மல்லாந்தே படுக்க வேண்டும். தலை நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும்" என்றார். தலை உயர்ந்தால் மூக்கில் இரத்தம் தேங்காது. வீக்கமும் கசிவும் குறையும். இயற்பியல் மாணவனுக்கு இது புரியாதா?

ஆனால் எங்கள் வீட்டில் கட்டில் இல்லை. ஆளுக்கொரு தலையணையே உண்டு. அப்பா மக்காச்சோள மூட்டையைச் சுவரில் சாய்த்து, மேலே போர்வையை மடித்துப் போட்டார். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. (பாகைமானி வைத்து அளக்கவில்லை, நண்பர்களே!)

குப்புறப் படுத்தே பழகிய உடம்பு. வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டது. மூன்றாம் இரவு என்னை அறியாமல் புரண்டேன். ஒரு கை என் தோளைப் பிடித்துத் திருப்பியது.

"மல்லாந்து படு சாமி."

அம்மா உறங்கவேயில்லை. விடிந்தால் அவருக்குக் களையெடுப்பு.