ஜார்ஜ்டவுன் பட்டறைகளில் நுண்ணலை அடுப்பு

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்ந்து 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதிலிருந்து, அந்நகரின் கைத்தொழில்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. பிரம்பு பின்னுதல், சொங்கோக் தொப்பி தைத்தல், ஊதுபத்தி உருட்டுதல், பெயர்ப்பலகை செதுக்குதல் ஆகியவை அவ்வெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையை ஒட்டிய குறுகிய பட்டறைகளில் மின்விசிறி, ரைஸ் குக்கர், மிக்சி, நுண்ணலை அடுப்பு ஆகியவற்றைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்ப்போரின் வேலையும் ஒரு கைத்தொழிலே என்பது மட்டும் பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. இவற்றுள் மக்கள் வழக்கில் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலை அடுப்பு தனித்து நோக்கத்தக்கது. ஏனெனில் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் அச்சாதனத்தைப் பழுதுபார்ப்பதற்குக் கைத்திறனைவிட நிதானமே முதலில் வேண்டியிருக்கிறது.

இத்தகைய பட்டறைகள் நகர மையத்தில் அருகிப்போனதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளின் வாடகையைப் பல்லாண்டுக் காலம் குறைவாக வைத்திருந்தது. அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாடகை சந்தை விலைக்கு உயர்ந்தபோது, சிறுவருமானத் தொழில்கள் பலவும் நகர மையத்தை விட்டு வெளியேறின. எஞ்சியவற்றில் ஒன்றை உள்ளே சென்று பார்த்தால் தென்படுவது ஒரு மரமேசை, மல்டிமீட்டர் எனப்படும் அளவி, பற்றவைக்கும் சால்டரிங் கோல், திருகாணிகள் இட்ட டப்பாக்கள், சுவரோரம் அடுக்கிய உயிரற்ற அடுப்புகள் ஆகியவை. அந்த அடுப்புகள் குப்பையல்ல. உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் அவற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

நுண்ணலை அடுப்பின் இதயமான மேக்னட்ரான் போர்க்காலத்தில் பிறந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகிய இயற்பியலாளர்கள் 1940ஆம் ஆண்டு ரேடாருக்காக உருவாக்கிய குழிவு மேக்னட்ரான், அதே ஆண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு ரேதியான் நிறுவனத்தின் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் அதன் அலைகள் உணவைச் சூடாக்குவதைக் கவனித்து 1945ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆளுயரம் இருந்த முதல் அடுப்புகள் உணவகங்களுக்கே பயன்பட்டன. மேசைமேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு 1967ஆம் ஆண்டுதான் அமானா என்ற பெயரில் பரவலாக விற்பனைக்கு வந்தது. இன்றைய வீட்டு அடுப்பின் மேக்னட்ரான் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது வினாடிக்கு 245 கோடி முறை அதிரும் அலைகளை உண்டாக்குகிறது. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியின் உட்புறமுள்ள உலோக வலையின் துளைகள் அதைவிட மிகச் சிறியவை என்பதால், ஒளி வெளியே வருகிறது, நுண்ணலை வருவதில்லை.

மேக்னட்ரானை இயக்க வீட்டு மின்சாரம் போதாது. மின்மாற்றி அதை ஏறத்தாழ 2000 வோல்ட்டாக உயர்த்துகிறது. ஒரு மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடும் சேர்ந்து அதை மறுபடியும் இரட்டிப்பாக்கி 4000 வோல்ட்டுக்குக் கொண்டுபோகின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சியைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு இந்த எண் சிறிதாகத் தோன்றலாம். அதன் திரைக்குழாயில் 25,000 வோல்ட் வரை இருந்தது. ஆனால் தொலைக்காட்சியின் உயரழுத்தச் சுற்று தரவல்ல மின்னோட்டம் மிகச் சிறிது. நுண்ணலை அடுப்பின் சுற்றோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தைத் தரக்கூடியது. மேலும், மக்கள் இ.எல்.சி.பி. என்று அழைக்கும் கசிவுவெட்டி இங்கே துணைக்கு வராது. மின்மாற்றியின் மறுபக்கத்தில் ஒருவர் மேல் பாயும் மின்சாரம் வீட்டு மின்சுற்றிலிருந்து பிரிந்தே இருப்பதால், கசிவுவெட்டி அதை உணர்வதில்லை. தொலைக்காட்சி தந்த துணிச்சல் இந்த மேசையில் ஆபத்தானது என்பதைத் தேர்ந்த பழுதுபார்ப்போர் நன்கு அறிவர்.

ஆகவே மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, மின்தேக்கியை வெறுமையாக்குவதே. பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, பழுதுபார்ப்பவரின் கண்ணில் படும்படி மேசைமேல் வைக்கப்படுகிறது. பிறகு ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையால் காப்பிட்ட கைப்பிடியுள்ள கம்பியை மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையிலும், ஒவ்வொரு முனைக்கும் அடுப்பின் உலோகச் சட்டத்துக்கும் இடையிலும் வைக்கிறார். ஒரு கை மட்டும் புழங்கினால் மின்சாரம் மார்பைக் கடந்து செல்லும் வழி அடைபடுகிறது. மின்தேக்கியினுள் சேமிப்பை மெல்லக் கரைக்கும் ஒரு மின்தடை உண்டென்றாலும், அது அறுந்துபோயிருக்கக்கூடும் என்பதால் யாரும் அதை நம்பி இறங்குவதில்லை. இயங்கும் அடுப்பின் உயரழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முற்படுவதும் இங்கே விலக்கப்பட்டது. 600 அல்லது 1000 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அந்த அளவி கையிலேயே வெடிக்கக்கூடும். எஞ்சிய சோதனைகள் அனைத்தும் மின்சாரம் இல்லாத நிலையில், மின்தடையை அளந்தே செய்யப்படுகின்றன.

ஆயினும், திருகாணியைத் தொடுவதற்கு முன்பே பாதி நோயறிதல் பேச்சில் முடிந்துவிடுகிறது. அடுப்பைச் சுமந்து வரும் பெண்மணி, "அண்ணே, லைட் எரியுது, தட்டு சுத்துது, சாப்பாடு மட்டும் சூடாகல" என்று சொல்ல, "சத்தம் எப்பவும் போலத்தானா அக்கா, இல்ல முன்னவிட உறுமுதா?" என்று கேட்கப்படுகிறது. இக்கேள்வியின் பொருள் ஆழமானது. உறுமல் கூடியிருந்தால் டயோடோ மின்தேக்கியோ உள்ளே குறுக்குச்சுற்றாகி, மின்மாற்றி பெரும் சுமையை இழுத்துத் திணறுகிறது. உறுமலே இல்லையென்றால் மின்மாற்றிக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை, ஆகவே ரிலே, வெப்பக் காப்பு, கதவு சுவிட்ச் என்று முன்பக்கத்தைத் தேட வேண்டும். காது இங்கே ஓர் அளவி.

பழுதுகளுள் மிகுதியானவையும் மிகுந்த கவனம் வேண்டுபவையும் கதவைச் சார்ந்தவை. கதவின் கொக்கிகள் நுழையும் இடத்தில் மூன்று சிறு சுவிட்சுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, கதவு திறந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிப்பவை. மூன்றாவதான கண்காணிப்பு சுவிட்சின் வேலை வேறு: துண்டிக்க வேண்டிய சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால், கதவு திறக்கும் கணத்தில் இது வேண்டுமென்றே குறுக்குச்சுற்றை ஏற்படுத்தி பியூஸை எரித்துவிடும். திறந்த கதவோடு அடுப்பு ஓடக்கூடாது என்பதற்காகப் பொறியாளர்கள் செய்துவைத்த இறுதி ஏற்பாடு அது. ஆகையால் பியூஸ் போன அடுப்புக்குப் புதிய பியூஸ் மட்டும் மாற்றிக் கொடுப்பது பழுதுபார்ப்பு ஆகாது. மூன்று சுவிட்சுகளையும் கழற்றி, அழுத்தியும் விட்டும் ஒவ்வொன்றாக அளந்து, ஒட்டியதை மாற்றிய பிறகே பியூஸைப் போட வேண்டும். ஒரு பட்டறையில் பிரிக்கப்பட்ட ஓர் அடுப்பில், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக்கம்பி இருந்தது. முன்னர் எவரோ செய்த அந்த வேலையைப் பார்த்த பழுதுபார்ப்பவர், வேறு எதையும் தொடாமல், வீட்டில் குழந்தைகள் உண்டா என்று அடுப்பின் உரிமையாளரைக் கேட்டார். அவ்வாறு கம்பி முறுக்குவதைச் சிக்கனம் என்று கூறுவோர் உண்டு. அது குற்றம் என்பதே சரி.

பினாங்கின் தட்பவெப்பமும் சமையலும் தமக்குரிய பழுதுகளைத் தருகின்றன. கடலோர ஈரக்காற்றில் பொத்தான் பலகையின் இணைப்புகள் பச்சை பூத்துப்போகின்றன. சூடு தேடி வரும் கரப்பான்களும் பல்லிகளும் மின்பலகையில் தங்கி அதைக் கெடுக்கின்றன. அடுப்பின் உட்சுவரில், அலைகள் நுழையும் வாயிலை மூடியிருக்கும் மெல்லிய மைக்கா தகட்டின்மேல் தேங்காய்ப்பால் குழம்பின் எண்ணெய் தெறித்து, படிந்து, கருகி, ஒரு நாள் தீப்பொறி பறக்கிறது. பொறியைக் கண்டு அஞ்சி அடுப்பையே எறிந்துவிடுவோர் பலர். ஆனால் மைக்கா பெரிய தாளாகவே கடைகளில் கிடைக்கிறது. பழைய தகட்டை அதன்மேல் வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, துளையிட்டுப் பொருத்தினால் வேலை முடிந்தது. உட்சுவரின் வண்ணப்பூச்சு உரிந்திருந்தால் துருவைத் தேய்த்து, அதற்குரிய பூச்சைப் பூசலாம். துரு தகட்டைத் துளைத்துவிட்டிருந்தால் மட்டும் அடுப்பைக் கைவிடுவதே முறை. எவர்சில்வர் கிண்ணத்தையும் பொன்விளிம்பிட்ட பீங்கானையும் உள்ளே வைப்பதும், ஒன்றுமே வைக்காமல் ஓட்டுவதும் மேக்னட்ரானின் ஆயுளைக் குறைக்கின்றன.

உயரழுத்தப் பகுதியின் சோதனைகளில் நுட்பம் மிகுந்தது டயோடு. பல சந்திகளை வரிசையாகக் கோத்துச் செய்யப்பட்டது என்பதால், நல்ல நிலையிலுள்ள டயோடும் சாதாரண மல்டிமீட்டரில் இரு திசைகளிலும் அறுந்ததுபோலவே காட்டும். அனுபவமில்லாதவர் அதைக் கெட்டதென்று ஒதுக்கிவிடுவார். 9 வோல்ட் பேட்டரி ஒன்றைத் தொடரில் இணைத்து அளந்தால்தான் ஒரு திசையில் மின்சாரம் செல்வதும் மறுதிசையில் தடுக்கப்படுவதும் தெரியும். மேக்னட்ரானின் இழைமுனைகளுக்கிடையே மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாகவும், இழைக்கும் உடலுக்கும் இடையே தொடர்பே இல்லாமலும் இருக்க வேண்டும். அதன் வளையக் காந்தத்தில் விரிசல் கண்டால் அளவிக்கே வேலையில்லை.

மூடியைப் பூட்டிய பின் இறுதித் தேர்வு தண்ணீரில் நடைபெறுகிறது. ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை அளந்து, முழுத்திறனில் சரியாக 60 வினாடி வைத்து, கலக்கி, மறுபடியும் அளக்கிறார்கள். ஏறிய ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 70 வாட் என்பது கணக்கு. 700 வாட் அடுப்பு 10 டிகிரியை நெருங்க வேண்டும், பாதியே ஏறினால் மேக்னட்ரான் தளர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு கதவின் விளிம்பெங்கும் கசிவளவியை நகர்த்திப் பார்க்க வேண்டும். 5 சென்டிமீட்டர் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது அனைத்துலகத் தரம் ஏற்கும் உச்சவரம்பு. இச்சோதனையைச் செய்யாத பட்டறையில் கதவைச் சார்ந்த வேலையை ஒப்படைக்கலாகாது.

இத்தனை அறிவும் சில நூறு வெள்ளிக்கு விற்கும் புதிய அடுப்பின் விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சுவிட்ச், மைக்கா, டயோடு, பியூஸ் ஆகியவற்றின் பழுதுகளில் பட்டறை வெல்கிறது. மேக்னட்ரான் போனால் கணக்கு தடுமாறுகிறது. கனத்த மின்மாற்றிக்குப் பதிலாக மின்னணுப் பலகையைக் கொண்ட இன்வெர்ட்டர் வகைகளில், பலகையே கிடைக்காமல் பட்டறை தோற்கிறது. இன்டெல் போன்ற நிறுவனங்கள் 1972ஆம் ஆண்டு முதல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் நிறுவி வளர்ந்த தீவில் மின்னணுப் பலகையைப் பழுதுபார்க்கும் கைகளுக்குப் பஞ்சமிருக்க முடியாது. பஞ்சம் உதிரிப்பாகங்களுக்கே. வாங்கி எறியும் பழக்கத்தை எதிர்த்து எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுக் காலம் எழுப்பிய குரலின் நியாயம், இந்தப் பட்டறைகளில் நேரில் தெரிகிறது.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம் வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் விற்பனையாளர்மீதும் சுமத்துகிறது. அதே பிரிவு, அவ்வாறு தர இயலாது என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அப்பொறுப்பிலிருந்து விலகவும் இடமளிக்கிறது. எனவே நுண்ணலை அடுப்பு வாங்குவோர், மேக்னட்ரானும் மின்பலகையும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதைக் கடையிலேயே கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.