மூன்று கார்கள் நின்ற இடம்

சென்னையில் நாடகங்களுக்கு வாடகைக்கு விடும் ஓர் அரங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பதவியில் இருந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்கு நான் இழைத்தது அநீதி. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவன் நான். பொதுக் கட்டடம் எது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எல்லாமே பொதுக் கட்டடம்தான். கலை, பொழுதுபோக்கு நடக்கும் இடங்களும் அதில் அடக்கம். 2017 ஜூனில் விதிகள் வெளியாயின. பழைய கட்டடங்களை மாற்றியமைக்க அதிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம். செயற்குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் இதைப் பற்றிக் கேட்டார். “அது கவர்ன்மென்ட் கட்டடங்களுக்கு சார், நமக்கு இல்லை” என்றேன். அவர் என் வார்த்தையை நம்பினார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் சொன்னது பொய்.

பொய்க்குக் காரணம் இருந்தது. எங்கள் வாசலில் நான்கு படிகள், மொத்தம் 2 அடி உயரம். 1 அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்துக்கு அடிப்படைக் கணக்கு. ஆக, 24 அடி. அதைக் கட்டினால் முக்கியமான நன்கொடையாளர்களின் மூன்று கார்கள் நிற்கும் இடம் போய்விடும். அவர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பணமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். அதே சமயத்தில்தான் ஏசியை மாற்றினோம், இருக்கைகளுக்குப் புது உறை போட்டோம்.

அவகாசம் முடியப்போகிற நேரத்தில் பக்கவாட்டில் 10 அடியில் ஒரு சாய்தளம் போடச் சொன்னேன். “ரொம்பச் செங்குத்தா இருக்கு சார், வண்டி நிக்காது” என்று மேஸ்திரியே எச்சரித்தார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன். யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியைத் தன் கையால் உருட்டிக்கொண்டு அதில் ஒருவரும் ஏற முடியாது, இறங்கினால் ஆபத்து. அதன் அருகே சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகையையும் மாட்டினேன். அந்தப் பலகையை நம்பி வந்து திரும்பிப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அகலக் கதவு வைத்த கழிப்பறை ஒன்றும் கட்டினோம். அதில் பழைய பேனர்களையும் துடைப்பங்களையும் அடுக்கியதைப் பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீல்சேரில் வருபவர்களைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைக்க ஆட்கள் வைத்திருந்தேன். அதை ஒரு சேவை என்றே நினைத்தேன். ஒருமுறை, சக்கர நாற்காலி பயன்படுத்தும் நடிகை ஒருவர் தன் குழுவோடு ஒத்திகைக்கு வந்தார். மேடை 3 அடி உயரம். ஆட்களைக் கூப்பிட்டேன். அவர் தடுத்துவிட்டார். “முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க தூக்கித்தான் நான் மேடைக்குப் போகணுமா சார்? நான் நடிக்க வந்தவ” என்றார். அந்தக் குழு வேறு இடம் தேடிப் போனது. அவருக்குத் திமிர் என்று பலரிடம் சொல்லித் திரிந்தேன். இதில் எழுத எனக்கு மிகவும் கூசுவது இந்த வரிதான். தன் உடம்பை யார் தொடலாம் என்று முடிவு செய்யும் உரிமையைத்தான் அவர் கேட்டார்.

“அவங்க யாரும் நாடகம் பார்க்க வர்றதில்லையே” என்பது நான் எப்போதும் சொல்லும் சமாதானம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். ஏற முடியாத படியை வைத்துவிட்டு, வரவில்லை என்று அவர்கள்மேலேயே பழியைப் போட்டேன். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. என் மனதில் சக்கர நாற்காலி ஒன்றுதான் இருந்தது. மேடையில் நடப்பதைப் பார்வையற்றவருக்கு இயர்போனில் விவரிப்பது, சைகை மொழிபெயர்ப்பாளர் வெளிச்சத்தில் நிற்க மேடையோரம் இடம் ஒதுக்குவது என எதையும் நான் யோசித்ததில்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பு சொன்னது. அணுகல் வசதிக்கான தரநிலைகள் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றது. அதைப் படித்த பிறகுதான் செயற்குழுவில் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். வாசலில் கார் நிறுத்தும் அந்த நன்கொடையாளர்களிடம் நேரில் போய்ப் பேசினேன். இருவர் உடனே சரியென்றார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்தினார். அவர் பணம் இல்லாமலும் அரங்கம் நடக்கிறது. இத்தனை காலம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தான்.

இப்போது வாசலில் 24 அடிச் சாய்தளம் இருக்கிறது. கழிப்பறையைக் காலி செய்தாயிற்று. மேடைக்கு இன்னும் வழியில்லை. 3 அடிக்கு 36 அடி நீளம் வேண்டும், உள்ளே அவ்வளவு இடம் கிடையாது. சிறிய லிஃப்ட் ஒன்றுதான் வைக்க வேண்டும். நான் பதவியை விட்டு விலகிவிட்டேன். எனக்குப் பின் வந்த செயலாளரிடம் இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறேன். அந்த லிஃப்டை எங்கே, எப்படி வைப்பது என்பதை அதைப் பயன்படுத்தப்போகும் கலைஞர்களை அழைத்துக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். அது வரும்வரை, ‘அனைவரும் வருக’ என்று நோட்டீஸில் அச்சிடாதீர்கள்.