எம் தந்தையாரின் மோட்டார் வண்டி

இவ்விதழின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதுக என்று ஆசிரியர் பணித்தபோது, இலக்கிய ஆராய்ச்சிக்கோ பிரயாண வருணனைக்கோ வேண்டிய ஆற்றல் எம்மிடம் இல்லையென்று மறுத்தோம். தெரிந்ததையே எழுதுக என்றார் அவர். எமக்கு ஐயமறத் தெரிந்த பொருள் ஒரு பழைய அம்பாஸிடர் வண்டி ஒன்றே. ஆகவே, 2016ஆம் ஆண்டுக் கோடையில் அதன் கியர்பெட்டியை முப்பதினாயிரம் ரூபாய்க்குள் மாற்றியமைக்க யாம் பட்ட பாட்டை ஈண்டு உரைக்கத் துணிகின்றோம்.

வண்டி 1984ஆம் ஆண்டில் செய்த மார்க் 4. பள்ளி ஆசிரியராயிருந்த எம் தந்தையார் அதனை 1991இல் பழைய வண்டியாகவே வாங்கினார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்த உடல், 1489 சி.சி. பெட்ரோல் இயந்திரம். அவ்வண்டியில் கியர்க்கோல் தரையில் இல்லை; ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே, ஓட்டுபவரின் இடக்கைப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் யாதொரு தடையும் இன்மையால் முன்னிருக்கை ஒரே நீண்ட பலகையாய் அமைந்து மூவருக்கு இடந்தந்தது. தந்தையார்க்கும் அன்னையார்க்கும் நடுவிலிருந்த அவ்விடம் எம்முடையது. யானைமலையை முதன்முதல் முழுவதும் கண்டது அங்கிருந்தேதான்.

இவ்வமைப்பின் குற்றம் யாதெனின், கோலுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே நெடுந்தொலைவு. கோலின் அசைவை இரும்புக் கம்பிகள் கீழே கொண்டு செல்லும். கம்பிகளின் மூட்டுக்களில் உள்ள புஷ் தேய்ந்தால் கோல் ஒன்று சொல்லப் பெட்டி மற்றொன்று செய்யும். அல்லது இரண்டும் பேசாது நின்றுவிடும். ஒரு மாலை ஏ.வி. பாலத்தின் நடுவில் வண்டி அங்ஙனம் நின்றது. 1889இல் திறந்த அக்குறுகிய பாலத்தில், பின்னால் கோரிப்பாளையம் வரை வண்டிகள் ஊதிக்கொண்டிருக்க, தந்தையார் சிறிதும் பதறாது இறங்கி, முன்மூடியைத் திறந்து, கம்பியைக் கையாலேயே தள்ளிச் சரிசெய்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அம்பாஸிடர் ஓட்டிய எவரும் இவ்வித்தையை அறிவர்.

ஆனால் 2015இல் அவருக்கு இடத்தோள் இறுகிவிட்டது. வயது அப்போது எழுபத்து மூன்று. கையை மார்புக்கு மேல் உயர்த்த இயலவில்லை. வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. யாம் விடுமுறைக்குச் சென்றபோது அன்னையார் எம்மைத் தனியே அழைத்து, "உன் அப்பாவுக்குக் கை எழவில்லை. ஊராரிடம் வண்டிதான் கெட்டுவிட்டது என்று சொல்லி வருகிறார். நீ கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே" என்றார்.

தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியொன்று வாங்கித் தருக என்றனர் நண்பர். அவ்வமைப்பு ஒன்றும் புதிதன்று. 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளிலேயே ஹைட்ராமேட்டிக் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்துவிட்டது. எனினும் அதன் விலை எம் ஓராண்டு ஊதியத்தை விழுங்கும். அன்றியும், தந்தையார் அதில் ஏறுவார் என்னும் நம்பிக்கை எமக்கில்லை. அமெரிக்காவில் பழைய வண்டி விரும்புவோர் சிலர், தானியங்கிப் பெட்டியைக் கழற்றி எறிந்து கைக்கியர் பூட்டிக்கொள்வர். அவர்கள் கிளட்ச் மிதியையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். எமக்கு மிதி முன்பே உண்டு. தோளுக்கு நேரே உள்ள கோலைத் தொடைக்கு நேரே இறக்கிவிட்டால் போதும் என்று எண்ணினோம். 'போதும்' என்னும் அச்சொல்லை நினைத்துப் பின்னர்ப் பலகால் நகைத்தோம்.

1993 முதல் ஐசுசு இயந்திரத்துடன் வந்த அம்பாஸிடர்களில் ஐந்து கியர்ப் பெட்டியும் தரைக்கோலும் உண்டு. அத்தகைய பெட்டியொன்றைச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பார்சல் லாரியில் ஏற்றினோம். ஆரப்பாளையத்துப் பட்டறை மேஸ்திரி அதனைச் சுற்றி வந்து நோக்கி, "தம்பி, பொண்ணு ஒரு ஊரு, மாப்பிள்ளை ஒரு ஊரு. நடுவுல ஒரு தரகன் வேணும்" என்றார். அவர் குறித்த தரகன், பழைய இயந்திரத்தின் துளைகளுக்கும் புதிய பெட்டியின் துளைகளுக்கும் பொதுவாய் நிற்கும் ஒரு தடித்த இரும்புத் தகடு.

அத்தகட்டில்தான் காரியத்தின் உயிர்நிலை இருந்தது. பெட்டியின் முன்தண்டு இயந்திரத் தண்டின் நடுமையத்தில் நேர்க்கோடாகப் புக வேண்டும். தலைமயிரளவு விலகினும் கிளட்ச் முழுதும் விடாது. தாங்கியும் விரைவில் தேய்ந்து ஊளையிடும். லேத் பட்டறையில் தகட்டை மும்முறை அளந்து, இருமுறை கடைந்தார்கள். தண்டின் நுனியைத் தாங்க வெண்கலப் புஷ் ஒன்று புதிதாய்க் கடைந்தாயிற்று. கிளட்ச் தகட்டின் நடுப்பல் புதிய தண்டுக்குப் பொருந்தவில்லை. ஒன்றின் நடுவை மற்றொன்றின் வட்டத்தில் வைத்து ரிவெட் அடித்தனர். போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வாயுவாக்கிப் பஸ் ஓட்டும் கலங்களை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் செய்தது இம்மதுரையில்தான். ஒன்றை மற்றொன்றாக்கி ஓட்டும் கை இவ்வூருக்குப் பழங்கை என்று அங்கு நின்றபோது தோன்றியது.

எம் கருமித்தனம் வெளிப்பட்டது பின்தண்டில். பெட்டி நீண்டதால் சக்கரங்களுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாப்டை வெட்டிக் குறைக்க நேர்ந்தது. வெட்டியபின் அதனைச் சுழற்றி எடை சமன் பார்க்க வேண்டும் என்றார் மேஸ்திரி. கணக்கு இருபத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது, வேண்டா என்றோம். மேலூர்ச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகம் எட்டியதும் வண்டி முழுதும் காய்ச்சல் கண்டவன்போல் நடுங்கிற்று. ஒத்தக்கடைக்கு முன்பே மூட்டொன்று முறிந்து, அரைமைல் தள்ளிக்கொண்டு போனோம். மிச்சம் பிடிக்க நினைத்தது ஆயிரத்துக்கும் குறைவு, செலவானது மூவாயிரம்.

சட்டத்தையும் மறக்கவில்லை. பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எனவே, இயந்திரத்தையும் அதன் எண்ணையும் தொடாமல், செய்ய எண்ணியதை முன்னதாகவே எழுதிக் கேட்டுக்கொண்டோம். இதைப் படித்துப் பட்டறைக்கு விரையும் மாணவர் முதலில் அதனைச் செய்க.

வண்டி வீடு சேர்ந்த அன்று தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தரையினின்று எழுந்த கோலைத் தொட்டார். ஒவ்வொரு கியராக மெல்லப் போட்டுப் பார்த்தார். தோள் அசையவில்லை, முழங்கை மட்டுமே அசைந்தது. அன்னையார் முன்கதவைத் திறந்து பார்த்து, "நடுவில் இனி யார் உட்காருவது?" என்றார். கோலுக்காக நீண்ட இருக்கையின் நடுவை வெட்டியிருந்தோம். அதனை யாம் கணக்கில் எழுதவேயில்லை.

மறுநாள் விடியலில் அழகர்கோயில் சாலையில் தந்தையார் ஓட்ட, யாம் அருகிருந்தோம். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் எளிதில் விடுமோ? அப்பன்திருப்பதிக்கு அருகே ஆட்டு மந்தையொன்று சாலையில் புக, அவருடைய இடக்கை கோலில்லாத ஸ்டீயரிங் தண்டை நோக்கி மேலே எழுந்தது. வலியால் முகம் சுளித்தது. வண்டி குலுங்கி நின்றது. ஆடுகள் கடந்து போயின. மருத்துவர் ஓராண்டாய் உயராது என்ற கை தோளளவு உயர்ந்ததை இருவரும் கண்டோம். எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

இரண்டு வாரம் அங்ஙனமே நாள்தோறும் சென்றோம். பின்னொரு நாள், எம் மகன் நடுவிடத்தில்தான் அமர்வேன் என்று அடம்பிடித்து, கோலின் இருபுறமும் காலை நீட்டி அமர்ந்தான். மூன்றாம் கியர் போடும்போது கோல் அவன் முழங்காலை இடித்தது. தந்தையார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பையனைத் தூக்கிப் பின்னிருக்கையில் விட்டு, அன்னையாரைப் பார்த்து, "நீ முன்னால் வா" என்றார்.