வெந்நீர் எங்கே போயிற்று?

சூடு தணிந்த நீரை அரபியர் ‘ஃபாத்திர்’ என்பர். தளர்ந்தது, வேகம் குன்றியது என்பது அதன் வேர்ப்பொருள். படைத்தவனைக் குறிக்கும் ‘ஃபாதிர்’ என்னும் திருநாமம் இதுவன்று. அதன் எழுத்தும் வேறு, வேரும் வேறு. தமிழில் நாம் ‘வெதுவெதுப்பு’ என்கிறோம். தமிழ்ச்சொல் நீரின் நிலையைக் கூறுகிறது. அரபிச்சொல்லோ அந்நிலை வந்த விதத்தையும் கூறுகிறது. சூடு இருந்தது, பின்னர்த் தளர்ந்தது. எங்கே தளர்ந்தது என்று தேடுவதே, ஷவரின் கீழ் நின்று நடுங்குவோர் செய்யவேண்டிய முதல் வேலை.

இத்தேடல் எனக்கு ஒரு மார்க்கக் கேள்வியாகவே வந்து சேர்ந்தது. முக்கொம்பை அடுத்த சிற்றூரில் என் அக்காவின் இல்லம் இருக்கிறது. மாடியிலும் கீழுமாக இரண்டு குளியலறைகள். இரண்டுக்கும் ஒரே கீசர். கீழறையைப் பயன்படுத்துபவர் அக்காவின் மாமியார். எண்பதை நெருங்கும் மூதாட்டி. மார்கழிக் குளிரில், ஸுப்ஹுக்கு முன்னர், ‘தண்ணீர் சுடவில்லையே’ என்று அவர் பலநாள் சொல்லியிருக்கிறார். மாடியில் குளிக்கும் இளையவர்களுக்கோ ஒரு குறையும் இல்லை. “வயதானால் எந்தத் தண்ணீரும் குளிரத்தான் செய்யும்” என்று கூறிவிட்டார்கள். பழுதுபார்க்க வந்தவரோ, கீசரை மாற்றிப் பெரிதாக ஒன்று வாங்கச் சொன்னார். மூதாட்டி பிறகு வாய் திறக்கவில்லை. நான் சென்றிருந்தபோது மட்டும் மெல்லக் கேட்டார்: “ஏன் தம்பி, எனக்குத் தயம்மும் கூடுமா?”

தண்ணீர்க் குழாய் இருக்கும் வீட்டில் ஒரு முதியவர் மண்ணைத் தேடும் நிலை வரலாமா? குளிர்ந்த நீரால் உடலுக்குத் தீங்கு நேரும் என்ற அச்சமும், அதைச் சூடாக்க வழியில்லாத நிலையும் சேரும்போதே தயம்மும் பற்றிய பேச்சு எழும். மத்ஹபுகளுக்கிடையே இதில் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. எவ்வாறாயினும் ‘வழி இல்லையா?’ என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். எனவே ஃபத்வாவுக்கு முன்னர்க் குழாயை விசாரிக்கலானேன்.

விசாரணைக்குரிய முறை எளியது. முதலில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து வாளியில் பிடிக்க வேண்டும். வாளியில் நன்கு சுட்டு, ஷவரில் மட்டும் சுடாவிடில், குறை அந்த ஷவரின் கலப்பானில் உள்ளது. வாளியிலும் வெதுவெதுப்பாயின், கீசரின் மின்சாரத்தை நிறுத்தி, அதற்குத் தண்ணீர் வரும் வால்வையும் மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயை மீண்டும் திறக்க வேண்டும். சற்று நேரத்தில் நீர் நின்றுவிட்டால் குறை கீசரில். நில்லாமல் ஓடினால், தண்ணீர் வேறெங்கோ புகுந்து வெந்நீர்க் குழாயில் கலக்கிறது என்பது உறுதி.

அவ்வீட்டில் நீர் நிற்கவில்லை. மாடிக்குச் சென்று பார்த்தோம். அங்கே கைஷவரின் வாயில் உள்ள பொத்தானை மட்டும் அழுத்தி மூடிவிட்டு, சுவரிலுள்ள வெந்நீர், தண்ணீர்த் திருகுகள் இரண்டையும் திறந்தபடியே விட்டிருந்தனர். வெளியேற வாயின்றி நின்ற தண்ணீர், கீழே வெந்நீர் ஓடத் தொடங்கி அக்குழாயில் அழுத்தம் குறைந்ததும், கலப்பானின் வழியே அதனுள் இறங்கியது. இரண்டு திருகுகளையும் மூடினோம். கீழே ஆவி பறந்தது. பின்னர், நீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வுகள் இரண்டைப் பொருத்திக்கொண்டார்கள். புதிய கீசர் தேவைப்படவில்லை; தயம்மும் தேவைப்படவில்லை.

முக்கொம்பில் நின்று ஆற்றைப் பார்த்தவர்க்கு இதில் வியப்பில்லை. காவிரியினும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தடுப்பில்லையேல் நீர் அவ்வழியே சென்றுவிடும். தஞ்சை வயல்களுக்குப் போகும் காவிரி மணல் மேடாகும். அதனைத் தடுக்கவே 1830களில் ஆர்தர் காட்டன் இங்கே மேலணையை எழுப்பினார். 2018 ஆகஸ்ட் 22 இரவில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் 9 உடைந்து வீழ்ந்தபோது, நீர் அவ்வழியே பாய்ந்ததை ஊரே கண்டது. ஆறாயினும் அரை அங்குலக் குழாயாயினும், நீர் எளிய வழியையே நாடும். ஆகவே குறை தேடுவோர் நெருப்பை மட்டும் பாராது மதகையும் பார்க்கவேண்டும்.

சோதனையில் நீர் நின்றுவிட்டால் கீசரை ஆராய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பாய்ப் படிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் முன்னதாகவே மின்சாரத்தைத் துண்டிக்கலாம். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180க்கு இறங்கினால் 2,000 வாட் கம்பி ஏறத்தாழ 1,225 வாட் ஆற்றலே தரும். 3,000 வாட் உடனடிக் கீசரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் சூடு 14 டிகிரி ஏறும்; 6 லிட்டர் ஓடவிட்டால் 7 டிகிரிதான். அங்கே மருந்து, குழாயைச் சற்றுக் குறைத்துத் திறப்பதே. கீசரின் மூடியைக் கழற்றும் வேலையை மின்பணியாளருக்கே விட்டுவிட வேண்டும். ஈரக்கையும் மின்சாரமும் சேரலாகாது.

குறையே இல்லாத வெதுவெதுப்பும் உண்டு. 15 லிட்டர் கீசர் 60 டிகிரி வரை காய்ந்திருந்தாலும், 25 டிகிரித் தண்ணீருடன் கலந்து 40 டிகிரியில் 35 லிட்டரே தரும். நிமிடத்துக்கு 7 லிட்டர் கொட்டும் ஷவருக்கு அது 5 நிமிடக் குளிப்பு. ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டரில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குளித்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதனை ஓதியறிந்த நாம் கீசரைக் குறைகூறுமுன் கடிகாரத்தையும் பார்ப்பது நன்று.

ஐயத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படைகளுள் ஒன்று. கீசர் பழையது என்பதும் ஐயமே. கேட்பவர் முதியவர் என்பதும் ஐயமே. முதியவரின் தோல் சொன்னது சாட்சியம். சாட்சியத்தை விசாரிக்காமல் தள்ளும் உரிமை வீட்டில் எவருக்கும் இல்லை. ஒரு வாளியும் பத்து நிமிடமும் போதும்; பெரியவர் ஒருவரின் சொல் மெய்யென்று தெரிந்துவிடும்.