முப்பத்தேழு பட்டங்கள்

எங்கள் வகுப்பில் 38 பேர். இடாப்பில் எல்லாருக்கும் தகப்பன் பெயரோடு சேர்த்து நீட்டுநீட்டாகப் பெயர் இருந்தது. காலையில் வகுப்பாசிரியர் இடாப்புக் கூப்பிடுகிற ஐந்து நிமிசம்தான் அந்தப் பெயர்களுக்கு உயிர். இடாப்பை மூடியதும் பட்டங்கள் எழும்பிவிடும். எழுத்து வடிவாக இருக்கிறதென்று மாதாமாதம் இடாப்பில் பெயர் எழுதும் வேலையை என்னிடம் தருவார்கள். அதனால் எனக்கு வந்த பட்டம் மைப்போத்தல். அத்தனை பெயரையும் அத்தனை தரம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு முழுசாக ஞாபகத்தில் நிற்பது ஒரே ஒரு பெயர்தான். மற்றவர்கள் பட்டங்களாகத்தான் வந்து நிற்கிறார்கள்.

அது யாழ்ப்பாணம், 1994. நாங்கள் பத்தாம் வகுப்பு. கரண்ட் இல்லாமல் நாலு வருசம் ஆகியிருந்தது. 1990 யூனில் நின்றுபோன யாழ்தேவி அதுவரை திரும்பி வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகிவிட்டன. எங்கள் பள்ளிக்கூட மணியும் ஒரு தண்டவாளத் துண்டுதான். வேப்பமரக் கொப்பில் தூங்கும். இரும்புக் கம்பியால் அடித்தால் நாலு ஒழுங்கை தாண்டிக் கேட்கும். அவ்வளவு சுத்தமான மணிச்சத்தத்தைப் பிறகு நான் எங்கேயும் கேட்கவில்லை.

பட்டத்தை ஒருவரும் இருந்து யோசித்து வைப்பதில்லை. ஏதாவது நடக்கவேண்டும், யாராவது ஒரு சொல்லை விடவேண்டும், வகுப்பு சிரிக்கவேண்டும். மூன்றாம் நாளும் அந்தச் சொல் நின்றால் அது பட்டம். உடம்பில் உள்ள குறையைச் சொல்லி எவனாவது பட்டம் வைக்கப் பார்த்தால் பின்வாங்கில் இருந்த ஒருத்தன் எழும்பி நிற்பான். "அது சரிவராது, வேறை பார்" என்பான். அதற்கு மேல் பேச்சில்லை. அவனுக்கு நீதவான் என்று பெயர்.

பனங்காய்க்குப் பட்டம் வைத்தது ஒரு மாடு. சவுக்காரம் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருந்த காலம் அது. வாங்க வசதியில்லாத வீடுகளில் பனம்பழக் களியைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தார்கள். ஊத்தை நன்றாகப் போகும், வாசம் போகாது. விளையாட்டு நேரம் அவன் வெள்ளைச் சேட்டைக் கழற்றி வேலிக் கதியாலில் போட்டுவிட்டுப் பந்தடிக்கப் போனான். வந்து பார்த்தால் கொலரையும் ஒரு கையையும் அயல்வீட்டுப் பசு சப்பிக்கொண்டு நிற்கிறது. மிச்சச் சேட்டோடு அவன் பின்னேரம்வரை வகுப்பில் இருந்தான். 94 கடைசியில் தடை கொஞ்சம் தளர்ந்து சவுக்காரம் வந்தபோது கமகமவென்று வந்தான். பட்டம் மட்டும் போகவில்லை.

டைனமோ வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி ரேடியோ கேட்பார்கள். பற்றரி கிடைக்காத ஊரில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் எல்லா வீட்டிலும் மாறிமாறிச் சுற்றுவார்கள். இவன் கடைக்குட்டி என்பதால் முழுச் சுற்றும் இவனுடையது. பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றிவிட்டு அடுத்த நாள் காலை அவ்வளவையும் எங்களுக்கு ஒப்புவிப்பான். அவனுடைய பேச்சும் அப்படித்தான். சத்தமாகத் தொடங்கும், மெல்ல மெல்ல இறங்கும், "பிறகென்னடா?" என்று யாராவது ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப ஏறும்.

ராடர் எனக்குப் பக்கத்து வாங்கு. வானத்தில் வருவது சகடையா, பொம்பரா, புக்காராவா, ஹெலியா என்பதை மற்றவர்களுக்குக் காதில் விழமுன்னரே சொல்லிவிடுவான். வாத்திமாரும் அவனை நம்பினார்கள். அவன் தலையைச் சரித்தால் வெண்கட்டி அந்தரத்தில் நிற்கும். ஒருநாள் கணிதச் சோதனை தொடங்கிப் பத்து நிமிசம் இருக்கும். "பொம்பர்!" என்று கத்தினான். 38 பேரும் மைதானத்து ஓரத்துப் பங்கருக்குள் விழுந்தடித்து இறங்கினோம். மேலே ஒன்றையும் காணவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் ஒன்று இருமி இருமிக் கிளம்பிக்கொண்டிருந்தது.

கணித மாஸ்டர் கடைசியாக இறங்கி வந்தார். கையில் வினாத்தாள் கட்டு. பங்கருக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். "எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே சோதனையும் இங்கே நடக்கும்."

அவருக்கு ஆகவே மாஸ்டர் என்று பெயர். கேத்திரகணித நிறுவலில் வரும் 'ஆகவே' அவருடைய வாழ்க்கை முழுவதும் வந்தது. "நீர் வீட்டுவேலை செய்யேல்லை. ஆகவே வாங்கில் ஏறும்." "மழை வரப் பார்க்குது. ஆகவே நான் சைக்கிளை உள்ளே வைக்கிறன்." வெண்கட்டித் தட்டுப்பாட்டை அவரளவுக்குத் தாங்கியவர் கிடையாது. நகக்கண்ணளவு துண்டு மிஞ்சினாலும் இரண்டு விரலால் பிடித்து வட்டம் கீறுவார். வட்டம் கவராயத்தால் கீறினதுபோல வரும். நான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்: எண்கள் ஒழுங்கானவை, உலகம் எப்படிக் குழம்பினாலும் முக்கோணத்தின் மூன்று கோணமும் கூட்டினால் 180 பாகைதான் என்பதை அந்தக் காலத்தில் ஒரு மனிசன் எங்களுக்குள் ஊன்றிவிட்டார்.

விஞ்ஞான ரீச்சரின் பட்டம் செவ்வரத்தை. ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத் தாள் தீர்ந்துபோனது. ரீச்சர் தன் வீட்டுச் செவ்வரத்தம்பூவை அவித்துச் சாறெடுத்து வந்தார். தேசிக்காய்ப் புளி விட்டால் அது சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணி விட்டால் பச்சையாகும். பின்வாங்கிலிருந்து எவனோ "தலையிலை வைக்கிற பூவை ரீச்சர் போத்தலுக்கை வைச்சிட்டா" என்றான். ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாள் கொண்டையில் ஒரு செவ்வரத்தம்பூவோடு வந்தார். அதற்கு மேல் யாரால் பகிடி பண்ண முடியும்?

தமிழ் ஐயாவுக்கு வெள்ளைக்கொக்கு. வேட்டி, நாஷனல், சால்வை, தலைமயிர் எல்லாம் வெள்ளை. நடக்கும்போது ஒவ்வொரு காலையும் தூக்கி வைத்து, நின்று, யோசித்து அடுத்த காலைத் தூக்குவார். ஒருநாள் காலை கிணற்றடிச் சுவரில் கரிக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: 'வெள்ளை கொக்கு'. நாங்கள் நடுங்கிக்கொண்டு நின்றோம். ஐயா சுவருக்குக் கிட்டப் போனார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். கீழே கிடந்த கரித்துண்டைக் குனிந்து எடுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு 'க்' போட்டார். கையைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்து, பண்புத்தொகையில் வலி மிகும் என்று தொடங்கி நாற்பது நிமிசம் நடத்தினார். "ஒருவரை வையிறதெண்டாலும் ஒற்று விடாமல் வையுங்கோ. தமிழ் என்ன பாவம் செய்தது?" எழுதியது யாரென்று கேட்கவேயில்லை.

எழுதியவனை எனக்குத் தெரியும். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த 'ள்ளை'யின் வளைவு முன்வாங்கில் சுவரோரம் இருந்தவனுடையது.

வகுப்பில் பட்டம் இல்லாத ஒரே பெடியன் அவன். குழப்படி இல்லை. பிந்தி வருவதில்லை. கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் இருப்பான். எங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கவில்லை. அவனுக்கு அது பெரிய கவலை. ஒருநாள் கிணற்றடியில் தண்ணி வார்த்துக்கொண்டு நின்றவன், "எனக்கு ஏன்ரா ஒண்டும் வைக்கேல்லை?" என்று கேட்டான்.

"நீ ஏதாவது செய்யடா மச்சான், வைக்கிறம்" என்றான் ராடர்.

அவன் செய்து பார்த்தான். அடுத்த கிழமை வேண்டுமென்றே கால் மணித்தியாலம் பிந்தி வந்து வாசலில் நின்றான். வகுப்பு முழுக்க அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஆகவே மாஸ்டர் அவனைப் பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார். "நீர் பிந்தி வரமாட்டீர். ஆகவே என்ரை மணிக்கூடு பிழை. போய் இரும்." போய் இருந்தான். பிறகுதான் அந்தச் சுவர் எழுத்து. அகப்படத்தான் எழுதினான் என்று நினைக்கிறேன். ஒற்றையும் தெரிந்துதான் விட்டானோ என்னவோ. இலக்கணத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கூட எடுக்கிறவன். ஐயாவுக்கும் அவனுடைய எழுத்து தெரியாமல் இருந்திருக்காது.

1995 தையிலிருந்து சித்திரைவரை சமாதானப் பேச்சுக்காகச் சண்டை நின்றிருந்தது. வானத்தில் பொம்பர் ஒன்றும் வரவில்லை. ராடர் வேலையில்லாமல் திரிந்தான். டைனமோவின் செய்திகளை வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. அந்த மூன்று மாதமும் நாங்கள் படித்ததைவிடச் சிரித்தது கூட. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. மார்கழியில் ஓ.எல். சோதனை என்று இரவில் போத்தல் விளக்கடியில் இருந்து படித்துக்கொண்டிருந்தோம்.

ஒக்ரோபர் 30 அன்று, சண்டை நெருங்கிவர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு. செம்மணி வெளியில் சைக்கிளை உருட்ட இடமில்லை. ஒரு அடி வைத்தால் கால் மணித்தியாலம் நிற்கவேண்டும். இடாப்பு பள்ளிக்கூட அலுமாரிக்குள் கிடந்தது. அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பியபோது அலுமாரியே இல்லை.

போன மாதம் ராடர் ரொறன்ரோவிலிருந்து எடுத்தான். அவனுக்கு இப்போது ஒரு காதில் கேட்பது குறைவு. நான் கத்திக் கதைத்தேன். அந்தக் கணிதச் சோதனைக்குத் தான் ஒன்றும் படிக்காமல் வந்ததையும், இறைப்பு மெசின் என்று தெரிந்தே கத்தியதையும் முப்பது வருசத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டான். பனங்காய் லண்டனில், டைனமோ பாரிசில், நீதவான் கிளிநொச்சியில் வாத்தியார். ஆகவே மாஸ்டர் போய்விட்டார். ஒவ்வொருத்தராக எண்ணிக்கொண்டு வந்து முன்வாங்கில் சுவரோரம் நின்றோம்.

அவனைக் கடைசியாகக் கண்டது ராடர். செம்மணி வெளியில், அந்த இரவில். சைக்கிள் கரியரில் அவனுடைய அம்மம்மா, தலைக்கு மேல் உரப்பை. இவன் தள்ளிக்கொண்டு வந்தானாம். கூட்டம் அசைந்ததும் ஆளைக் காணவில்லை. அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் காணவில்லை. எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று.

"வைக்கிறம் எண்டு சொன்னனான் மச்சான்," என்றான் ராடர்.

இரண்டு பேரும் யோசித்தோம். மணிக்கூடு என்றேன் நான். அது மாஸ்டருடைய மணிக்கூடல்லோ என்றான் அவன். ஒற்று என்றான். சிரித்தோம், பிறகு அதையும் விட்டோம். கரிக்கட்டி, சுவர், இன்னும் என்னென்னவோ. ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

"நீதானே இடாப்பு எழுதினனீ. அவன்ரை முழுப்பேர் என்ன?"

தகப்பன் பெயரையும் சேர்த்து, அவனுடைய நல்ல காதுக்குக் கேட்கிறமாதிரி மெல்லச் சொன்னேன்.

கொஞ்சநேரம் சத்தமில்லை. "ஓமடாப்பா," என்றான் ராடர், "அதுதான் சரி. அதையே விடுவம்."